பத்தே பத்து மிளகு

ஒரு தும்மல் போட்டால் போதும், நம் ஊரில் வைத்தியம் நாலா பக்கத்திலிருந்தும் வந்து விழும். போன மார்கழியில் எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது, வடக்கு மாட வீதியில் புறப்பட்டுக் குளத்தைச் சுற்றிக்கொண்டு கச்சேரி ரோடு போய்ச் சேருவதற்குள் ஐந்து பேர் ஐந்து மருந்து சொல்லிவிட்டார்கள். பால் பூத்காரர் ஒன்று சொன்னார். இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்று சொன்னார். பூக்காரம்மா முழம் போடுவதை நிறுத்தாமலே ஒன்று சொன்னாள். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவர், டோக்கனோடு சேர்த்து ஒன்று கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவர், என் தும்மலில் திடுக்கிட்டுக் காய்கறிப் பையைக் கீழே போட்டவர், உருண்டோடிய தக்காளிகளைப் பொறுக்கிக்கொண்டே ஒன்று சொன்னார். ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மருந்துகள். ஆனால் ஐந்திலும் மிளகு இருந்தது.

ஆறாவது மருந்து வீட்டிலேயே காத்திருந்தது. அதற்குப் பெயர் அத்தை.

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. கண் சற்று மங்கல்; காது அவளுக்கு வேண்டியபோது கேட்கும். அவளுடைய வைத்திய சாஸ்திரத்தில் வியாதிகள் இரண்டே வகை. மிளகுக்கு அடங்குவது ஒன்று; இன்னும் கொஞ்சம் மிளகுக்கு அடங்குவது மற்றொன்று. நான் வாசற்படி ஏறும்போதே குரல் வந்துவிட்டது.

"ஏண்டா, மூக்கு அடைச்சிண்டிருக்கோன்னோ? உட்காரு, ஊசியை எடுத்துண்டு வரேன்."

ஊசி என்றால் டாக்டர் ஊசி இல்லை. துணி தைக்கிற ஊசி. அதன் முனையில் ஒரு மிளகைக் குத்தி, விளக்கில் காட்டிச் சுட்டு, கிளம்புகிற புகையை மூக்கருகே பிடிப்பாள். சுவாமி விளக்கில் காட்டக் கூடாது. அதற்கென்று தனியாக ஓர் அகல் உண்டு. புகை உள்ளே போனதும் கண்ணில் நீர் வரும், தும்மல் பத்து வரும், அப்புறம் மூக்கு திறந்துகொள்ளும். மூக்கு திறந்தது மிளகினாலா, தும்மலினாலா என்று நான் ஒரு தடவை கேட்டேன். "திறந்துடுத்தோல்லியோ? போ, அதுக்கு மேல என்ன விசாரணை?" என்றாள் அத்தை.

இதெல்லாம் உங்கள் வீட்டிலும் நடக்கிறதுதான். வறட்டு இருமலுக்கு மிளகுப் பொடியும் தேனும். தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு மிளகும் ஒரு துண்டு பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொள்வது. ராத்திரி படுக்கப் போகுமுன் பாலில் மஞ்சள் பொடியும் மிளகுப் பொடியும். சனிக்கிழமை எண்ணெய் காய்ச்சும்போது அதில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும். வயிறு மந்தமென்றால் அங்காயப் பொடியில் ஒரு பங்கு. பிள்ளை பெற்றவளுக்குக் கண்டந்திப்பிலி ரசம். அது மிளகு இல்லையே என்பீர்கள். திப்பிலியும் மிளகும் ஒரே குடும்பத்துக் கொடிகள், ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மூன்றாவதாக வால்மிளகு என்று ஒரு தாயாதி உண்டு. ஜாவாப் பக்கத்துச் சரக்கு. சின்னதாக ஒரு வாலும் இருக்கும். டிசம்பர் சீசனில் பாடகர்கள் பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்களே, அந்தப் பிளாஸ்கில் சித்தரத்தை, அதிமதுரத்துக்கு நடுவே பல சமயம் இந்த வாலும் நீந்திக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் கச்சேரி ரோடில் டப்பா செட்டி கடைக்குப் போக வேண்டும். நூறு வருஷத்தைத் தாண்டிய நாட்டு மருந்துக் கடை. பெயர்தான் டப்பாவே ஒழிய சரக்கு டப்பா இல்லை. பிரசவ மருந்துச் சாமானுக்கு ஒரு பாட்டியும், தீபாவளி லேகியச் சாமானுக்கு ஒரு மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொண்டிருப்பார்கள். அங்கே அத்தையின் சீட்டை நீட்டினால், சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடையில் வரும். இந்த மூன்றுக்கும் சேர்த்துத் திரிகடுகம் என்று பெயர். பதினெண்கீழ்க்கணக்கில் நல்லாதனார் செய்த நீதி நூலுக்கு இந்த மருந்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கு மூன்று சங்கதி, உடம்புக்கு மூன்று சரக்கு. அறத்தையே மருந்துப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த ஜனங்கள் நாம்!

பெயர் என்றதும் ஒரு விஷயம். சங்க காலத்தில் மிளகுக்குக் கறி என்று ஒரு பெயர். யவனர்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போனது இந்தக் கறியைத்தான். வெள்ளைக்காரர் சொல்லும் 'பெப்பர்' என்ற பேரோ, பிப்பலி என்ற வடமொழிச் சொல்லிலிருந்து போனது. பிப்பலி என்றால் திப்பிலி. ஆக, தம்பி பேரை அண்ணனுக்கு வைத்து அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். போர்த்துகீசியர் வந்த பிற்பாடு கப்பலேறி வந்த காய்க்கு, மிளகைப் போலக் காரமாக இருக்கிறதே என்று நாம் மிளகாய் என்று பேர் வைத்தோம். வந்தவன் பேரையும் எடுத்துக்கொண்டான், அடுப்பங்கரையையும் எடுத்துக்கொண்டான். மிளகு மருந்துப் பெட்டிக்குக் குடிபோயிற்று. வெண்பொங்கலில் மட்டும் பழைய பாத்தியதை இன்னும் இருக்கிறது. அதிலும் பாருங்கள், நம்மில் பாதிப் பேர் அதைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம்.

கையில் பத்து மிளகு இருந்தால் பகையாளி வீட்டிலும் தைரியமாகச் சாப்பிடலாம் என்று ஒரு வசனம் உண்டே, அதை அத்தை தினம் ஒரு தரமாவது சொல்லுவாள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வாய்ஜாலம் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அதைத் தீர்த்து வைத்தவள் என் அண்ணா பெண். அடையாறு காந்தி நகரில் இருக்கிறாள். மருத்துவக் கல்லூரி ஒன்றில் மருந்தியல் வாத்தியாரம்மா. அத்தைக்கும் அவளுக்கும் பரம சிநேகம், பரம விரோதம் இரண்டும் உண்டு.

"சித்தப்பா, மிளகு பெரிய மருந்தான்னு கேட்டா நான் உடனே ஆமான்னு சொல்ல மாட்டேன். ஆனா பெரிய சிபாரிசுன்னு கேட்டா, சத்தியமா ஆமா" என்றாள் அவள்.

சிபாரிசு என்றதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பட்டணத்தில் ஐம்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு விளங்காமலா போகும்? அவள் சொன்னதை என் பாஷையில் சொல்லுகிறேன். நாம் விழுங்குகிற மருந்தெல்லாம் நேராக ரத்தத்தில் போய்ச் சேர்ந்து விடுவதில்லை. குடலின் சுவரில் சில வாயிற்காப்போர் நிற்கிறார்கள். உள்ளே நுழைகிற அன்னியச் சரக்கைப் பிடித்து வெளியே தள்ளுவது அவர்கள் வேலை. அவர்களைத் தாண்டினால் குடலிலும் கல்லீரலிலும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது சரக்கை உடைத்து உருமாற்றி அனுப்பிவிடும். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்ற பொருள், இந்த இரண்டு கூட்டத்தையும் சற்று நேரம் மந்தப்படுத்தி வைக்கிறது. கூட வந்த சரக்கு சுலபமாக உள்ளே போய்விடுகிறது. மிளகு தானாக வேலை செய்ததா, வேறொருவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததா என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்தப் பைப்பரினை 1819-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் டென்மார்க் தேசத்து ஓர்ஸ்டெட். மறு வருஷமே, மின்சாரம் ஓடினால் திசைகாட்டி முள் அசைகிறது என்று கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற அதே ஓர்ஸ்டெட்தான். அப்போது நம் தரங்கம்பாடி அந்த டேனிஷ்காரர்களின் கையில் இருந்தது. 1620-ல் மிளகு மாதிரியான சரக்குகளுக்காகத்தான் அங்கே வந்து கோட்டை கட்டினார்கள். ஆசாமி மிளகை விட்டிருந்தாலும் காந்தத்தைக் கண்டுபிடித்திருப்பார். ஆனாலும் நம் சரக்கு அவர் மேஜைக்குப் போனதில் எனக்கு ஒரு திருப்தி.

சிபாரிசு சமாசாரம் வெளியே வந்தது வெகு பின்னால். ஆடாதோடை இலைக் கஷாயத்தில் திப்பிலியையும் சேர்த்தால் இரைப்புக்கு அதிகம் கேட்கிறது என்று 1929-லேயே கல்கத்தா டாக்டர் கார்த்திக் சந்திர போஸ் எழுதி வைத்தார். அத்தையின் ஆடாதோடைக் கஷாயத்திலும் திப்பிலி உண்டு. அவள் போஸைப் படித்தவள் இல்லை. அப்புறம் ஐம்பது வருஷம் கழித்து, ஜம்முவில் இருந்த பிராந்திய ஆராய்ச்சிக் கூடத்தில் அடல் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஆயுர்வேத மருந்துகளில் எதை எடுத்தாலும் இந்தச் சுக்கு, மிளகு, திப்பிலி வந்து நிற்கின்றனவே, ஏன்? அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தது ஒரு மாத்திரை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுப்பார்கள். கூட 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்தால் 200 போதும் என்று கண்டு, 2009-ல் அதை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். சர்க்காரின் காசநோய்த் திட்டம் தன்னுடைய பழைய அளவிலேயேதான் நடக்கிறது. இருந்தாலும், சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்து, நோயாளியை ஸானடோரியத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டிய பட்டணத்துக்காரன் என்ற முறையில், அந்த வியாதிக்கு மிளகும் கைகொடுக்க வந்ததைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மஞ்சள் பால் கதையும் இதேதான். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் சோதித்தார்கள். மஞ்சளின் சத்தான குர்குமினை 2 கிராம் தனியாகக் கொடுத்தால் ரத்தத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. 20 மில்லிகிராம் பைப்பரினோடு கொடுத்தால் இருபது மடங்கு ஏறிற்று. சோதனைக்கு உட்பட்டவர்கள் ஒரு சிலர்தாம். ஏறியதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆனாலும் மஞ்சள் தனியாகப் போகக் கூடாது, மிளகைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அத்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

20 மில்லிகிராம் என்றால் எவ்வளவு மிளகு? இதற்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். நூறு மிளகு நாலரை கிராம் போல நிற்கும். அப்படியானால் பத்து மிளகு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. மிளகில் நூற்றுக்கு ஐந்து பங்கு போலப் பைப்பரின் இருக்கும். ஆக, பத்து மிளகில் இருபது மில்லிகிராமுக்கு மேலேயே இருக்கிறது! பத்து என்று சொன்னவன் எண்ணிப் பார்த்துச் சொன்னானோ, வாய்க்கு வந்ததைச் சொன்னானோ, கணக்கு பொருந்திவிட்டது. பைப்பரின் தண்ணீரில் சுலபமாகக் கரையாது; நெய்யிலும் எண்ணெயிலும் கரையும். மிளகைப் பொடித்து நெய்யில் தாளிப்பதும், கொழுப்புள்ள பாலில் போடுவதும் எதற்கு என்று நான் அண்ணா பெண்ணைக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, "இப்பவே அத்தைப் பாட்டிகிட்டப் போய்ச் சொல்லிடாதீங்கோ, அப்புறம் பிடிக்க முடியாது" என்றாள்.

இது வரைக்கும் எல்லாம் சந்தோஷமான சமாசாரம். ஆனால் சிபாரிசுக்கு ஒரு குணம் உண்டு. அது நல்ல ஆளையும் உள்ளே விடும், மற்ற ஆளையும் உள்ளே விடும். நாம் கேட்காதவனையும் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிடும்.

தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், சங்கீதப் பைத்தியம். வெகு காலத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. ஃபெனிடாயின் என்ற மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, இருபது வருஷமாக வலிப்பு என்பதே இல்லாமல் இருக்கிறார். போன வருஷம் முழங்கால் வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று ஒரு புட்டி வாங்கினார். மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்த்த குளிகை; நாளைக்கு இரண்டு. "இயற்கையானது, பக்க விளைவு இல்லாதது" என்று புட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. சரி, கால் வலி குறைகிற மாதிரி இருக்கிறதே என்ற உற்சாகத்தில் காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் திரிகடுகுச் சூரணமும் ஆரம்பித்தார்.

மூன்று வாரத்தில் மனிதர் தள்ளாட ஆரம்பித்துவிட்டார். நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறார். எதிரே வருகிற ஆட்டோ இரண்டாகத் தெரிகிறது. பேச்சு குழறுகிறது. கச்சேரியில் பல்லவிக்கு நடுவே தூங்கி, தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கை தட்டியிருக்கிறார். மூன்றாவது வீட்டுக்காரர் ரகசியமாக என்னிடம், "ஸார், இந்த வயசில் இப்படி ஒரு பழக்கம் வரலாமா?" என்று கேட்டார். வாழ்நாளில் காப்பிக்கு மேல் எதையும் தொடாத மனிதரைப் பற்றி!

வீட்டில் பெரிய வாதம் நடந்தது. பிள்ளை வெளியூரிலிருந்து போனில், "அந்த இங்கிலீஷ் மாத்திரைதான் உடம்பை உருக்குகிறது, அதை நிறுத்துங்கள், மூலிகையை மட்டும் சாப்பிடுங்கள்" என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டான். நல்ல வேளை, அவன் அம்மா கேட்கவில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவள் ஒரு தரம் கண்ணால் பார்த்தவள். மறு நாள் காலையிலேயே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டாள்.

டாக்டர் ரத்தத்தில் மாத்திரையின் அளவைச் சோதித்தார். இருக்க வேண்டியதற்கு வெகு மேலே ஏறி இருந்தது.

"மாத்திரையைக் கூடுதலாகச் சாப்பிட்டீர்களா?"

"இல்லை."

"வேறு மருந்து ஏதாவது புதிதாக?"

"ஒன்றும் இல்லை."

பொய் இல்லை. அவர் மனசில் மிளகு மருந்து இல்லை, சாமான். சமையலறைச் சாமானை டாக்டரிடம் யார் ஒப்பிப்பார்கள்? மாமிதான் கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"மிளகுதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இதை இன்றைக்கே நிறுத்துங்கள், சூரணத்தையும் நிறுத்துங்கள். மாத்திரை அளவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார்.

பத்துப் பதினைந்து நாளில் ஆட்டோ ஒன்றாகிவிட்டது. நடையும் நேராகிவிட்டது.

அண்ணா பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. மிளகு போட்ட சூப்பைக் குடித்துவிட்டு ஃபெனிடாயின் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு மாறுகிறது என்று 2001-லேயே டெல்லிக்காரர்கள் மனிதர்களிடம் சோதித்து எழுதியிருக்கிறார்களாம். அதோடு, இந்த மாத்திரைக்கு ஒரு கெட்ட குணம்: ஓர் அளவுக்கு மேல் போனால், கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் நிறைய ஏறிவிடும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனோலால் இவற்றையும் பைப்பரின் தூக்கி விடுகிறது என்று 1991-ல் கண்டிருக்கிறார்கள். மஞ்சள் குளிகைகளால் சிலருக்குக் கல்லீரலே கெட்டுப் போனதைக் கண்டு, அவற்றின் மேல் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்று இத்தாலி சர்க்கார் 2022-ல் உத்தரவு போட்டது. அங்கே கெட்டுப்போன சிலரும் மிளகுச் சத்தோடு சேர்த்துச் சாப்பிட்டவர்கள்தாம்.

"அப்போ ரசம்?" என்றேன், பயந்துபோய்.

"ரசத்துக்கு ஒண்ணும் இல்லை சித்தப்பா. ஒரு வேளை ரசத்தில உங்க பங்குக்கு வர்ற மிளகு எத்தனை? அதுவும் எத்தனை வருஷமா அதே அளவு! டாக்டர் மாத்திரை அளவை நிர்ணயம் பண்ணினப்பவே அந்த ரசமும் கணக்கில சேர்ந்துடுத்து. திடீர்னு ஒரு நாள் சத்தாப் பிழிஞ்சு, குளிகையா அடைச்சு, தினம் ரெண்டு வேளை சாப்பிட்டாத்தான் கணக்கு தப்பும்."

அத்தையிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். மிளகைக் குறை சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, என்னை ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை நாள் சாப்பிட்டானாம்?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா! திரிகடுகை யாராவது மூணு வாரம் சாப்பிடுவாளோ? மூணு நாள் சாப்பிடணும், நிறுத்தணும். அதுவும் ரெண்டு சிட்டிகை. ஸ்பூனாமே, ஸ்பூன்! மோருஞ்சாதத்தோட பத்தியம் இருந்தானோ? மிளகை மோர்ல ஊறப் போட்டுக் காய வெச்சு இடிச்சாளோ? ஒண்ணும் கிடையாது. மருந்தைச் சாதம் மாதிரி சாப்பிட்டா அது மருந்தா இருக்குமாடா?"

மிளகைப் புளித்த மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவது சித்த வைத்தியத்தில் சரக்கைச் சுத்தி செய்கிற முறை. சுக்கு என்றால் தோலைச் சீவ வேண்டும். திருவான்மியூரில் 1944 முதல் நடக்கும் இம்ப்காப்ஸ் என்ற நாட்டு வைத்தியர்களின் கூட்டுறவு மருந்து நிலையத்தில் வாங்கினாலும், வைத்தியரைக் கேட்டு, அளவைக் கேட்டு, நாளைக் கேட்டுச் சாப்பிடுகிற வழக்கம்தான் நியாயமானது. அத்தையின் வைத்தியத்தில் நாள் கணக்கு உண்டு. புட்டியில் இருந்தது மாதக் கணக்கு. தீர்ந்தால் அடுத்த புட்டி.

இப்படிச் சொல்வதால் அத்தை சொல்வதெல்லாம் சரி என்று நான் கட்சி கட்டவில்லை. விஷக்கடி விஷயத்தில் அவளோடு எனக்கு ஒத்துப் போகாது. அண்ணா பெண்ணின் பிள்ளை ஒரு நாள் சாயங்காலம் தோட்டத்தில் எதையோ மிதித்து, கால் வீங்கிவிட்டது. கடித்தது எது என்று தெரியவில்லை. அடையாற்றில் மரமும் புதரும் இருக்கிற இடத்தில் எதுவும் இருக்கலாம். அத்தை போனில், வெற்றிலையில் பத்து மிளகு வைத்து மெல்லக் கொடு, காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தம் என்று பழைய பரீட்சையைச் சொன்னாள். அண்ணா பெண் பரீட்சை எழுத உட்காரவில்லை. காலை அசைக்காதபடி கட்டிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பாம்புக் கடி என்றால் அதற்கான விஷமுறிவு ஊசி ஒன்றுதான் உயிர் காக்கும். மிளகு காரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் போகிற உயிர் திரும்பாது. கடித்தது பாம்பு இல்லை, ராத்திரியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையன் காரில் போகும்போது ஒரே ஒரு மிளகை மென்றானாம். இன்றைக்கும் அத்தையைக் கேட்டால் அந்த ஒரு மிளகுதான் பிழைக்க வைத்தது என்பாள்.

2020-ல் தெருத் தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்களே, அதைப் பற்றியும் இரண்டு பேருக்கும் சண்டைதான். அதில் 15 சரக்கு. மிளகு கிடையாது, திப்பிலி உண்டு. டெங்கு சமயத்தில் கொடுத்த நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்கு. அதில் மிளகு உண்டு. அத்தை குடிநீரையும் குடித்தாள், தடுப்பூசியையும் போட்டுக்கொண்டாள். எதனால் தப்பினாய் என்று கேட்டால், "ஊசிக்கு அறுபது மார்க், கஷாயத்துக்கு நாற்பது" என்பாள். அவள் கையால் மிளகு இல்லாத ஒரு சங்கதிக்கு அறுபது மார்க் கிடைப்பது லேசில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

மிளகு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த பப்பாளி விதையைக் கலந்துவிடுகிறார்கள். அத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கை போட்டுப் பார்ப்பாள். நல்ல மிளகு அடியில் போய்விடும். பப்பாளி விதையும் உள்ளீடற்ற சொத்தையும் மேலே மிதக்கும். கொல்லிமலையிலிருந்து வருகிற மிளகு என்றால் அவளுக்கு உயிர். அங்கே சவுக்கு மாதிரி நெடுநெடுவென்று நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் கொடியை ஏற்றி விடுகிறார்கள். அந்த மிளகை இரண்டு விரலால் நசுக்கினால் பக்கத்து அறையில் இருப்பவன் தும்முவான். கூடுமானவரை முழு மிளகாக வாங்கி, வேண்டும்போது இடித்துக்கொள்ளுங்கள். பொடியாக வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று டம்ளர் சொல்லாது.

தியாகராய நகர் சிநேகிதர் இப்போது சௌக்கியம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் மாமி ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தனுப்புகிறாள். அதில் எல்லா மாத்திரைகளும், எல்லாச் சூரணங்களும், தலைக்குத் தேய்க்கும் தைலம் உள்படக் கண்டிருக்கும். போன மாதச் சீட்டின் கடைசி வரியில், "வெண்பொங்கல், வாரம் இரண்டு நாள், மிளகு உண்டு" என்று எழுதியிருந்தது. டாக்டர் சீட்டை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்து, இரண்டு இடத்தில் அடித்தார். கடைசி வரிக்கு எதிரே மட்டும் ஒரு 'டிக்' போட்டுவிட்டு, "முந்திரிப் பருப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றாராம்.